சிங்கியின் சிலம்பும் நினைவின் கணக்கும்

(தென்காசியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி முடியும் தறுவாயில் ஒரு வாக்குவாதம் வரும். குறி சொல்லப் போன சிங்கியைக் காணாமல் தேடி அலைந்த சிங்கன், குற்றாலத்தில் அவளைக் கண்டுபிடிக்கிறான். கண்டதும் அவன் கண்ணில் படுவது அவள் உடம்பு நிறைய நகை. அதில் எதற்கும் அவனுக்குப் பெயர்கூடத் தெரியாது. காலில் சுற்றிக் கிடப்பது என்ன என்று கேட்கிறான். சேலத்து நாட்டில் குறி சொல்லிப் பெற்ற சிலம்பு என்கிறாள். முறுக்கிக் கிடப்பது? கோலத்து நாட்டார் கொடுத்த தண்டை. அடுத்தது? பாண்டியன் மகள் குறி கேட்டு இட்ட பாடகம். கேள்வி காலிலிருந்து இடுப்புக்கும், இடுப்பிலிருந்து மார்புக்கும் கழுத்துக்கும் ஏறிக்கொண்டே போகும்.

பதினோராம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் இந்த உரையாடல் இடம்பெற்றிருக்கிறது. இரண்டு தடவை வாய்விட்டு வாசித்த பிள்ளையிடம் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டுக் கேட்டால், நகைகளின் வரிசை எளிதில் தப்பாது. அதே நகைகளையும் ஊர்களையும் கலைத்துப்போட்டு ஒரு பட்டியலாகக் கரும்பலகையில் எழுதினால் அந்தப் பிள்ளையே திணறும். சொற்கள் அவைதாம், எண்ணிக்கையும் மாறவில்லை. கவிராயர் செய்தது இரண்டு காரியம். ஒரு கேள்வி, ஒரு நகை, அதைக் கொடுத்த ஊர், அது கிடக்கும் இடம் ஆகிய நான்கையும் ஒரே முடிச்சாகக் கட்டினார். முடிச்சுகளை யாரும் புதிதாகக் கற்கவேண்டாத ஒரு வரிசையில், அதாவது மனித உடம்பில், அடியிலிருந்து மேலே அடுக்கினார். பதினெட்டாம் நூற்றாண்டில் சித்திரசபையின் நிழலில் பாடிய அந்தப் புலவர் கையாண்ட உத்தியைத்தான், அவருக்கு இருநூறு ஆண்டு கழித்து, உளவியலார் ஆய்வுக்கூடத்தில் வைத்து அளந்து பார்த்தார்கள்.

1956இல் ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் ‘சைக்கலாஜிக்கல் ரிவ்யூ’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு தடவை கேட்டதும் மனிதர் திருப்பிச் சொல்லக்கூடிய உருப்படிகள் ஏறக்குறைய ஏழு, இரண்டு கூடலாம், இரண்டு குறையலாம் என்றார். அந்த ஏழு மட்டும் உலகமெங்கும் பரவிவிட்டது. பயிற்சி மையச் சுவர்களில்கூட அதை எழுதிவைக்கிறார்கள். கட்டுரையின் உயிர்நாடி அந்த எண்ணில் இல்லை. உருப்படி என்றால் எது என்ற கேள்வியில்தான் இருந்தது. க, ம, ல, ம் என்று தனித்தனியே கேட்பவருக்கு அவை நான்கு உருப்படி. ‘கமலம்’ என்று கேட்பவருக்கு ஒன்று. நான்கு சொற்கள் சேர்ந்த பழமொழி, அது தெரிந்தவருக்கு ஒன்று. மனம் ஏற்கும் உருப்படிகளின் எண்ணிக்கை பெரிதாகக் கூடுவதில்லை. ஒவ்வோர் உருப்படிக்குள்ளும் எவ்வளவு அடைபடும் என்பதுதான் கூடுகிறது. இப்படி அடைபட்ட உருப்படியைத் தமிழில் கொத்து என்று சொல்லலாம். 2001இல் நெல்சன் கோவன், ஏற்கெனவே கொத்தாக இருப்பவற்றையும் மனத்துக்குள் முணுமுணுத்துத் தக்கவைப்பதையும் கழித்துப் பார்த்தால் உண்மையான எல்லை நான்கைத்தான் ஒட்டி நிற்கிறது என்று காட்டினார். கைவசம் இருக்கும் இடம் அவ்வளவு குறுகலானது.

மில்லர் தம் வாதத்துக்குத் துணையாக அழைத்தவர்களில் தந்தி ஆட்களும் உண்டு. கட்டுக்கடகட ஓசையைப் புதிதாகக் கற்பவர் முதலில் ஒவ்வொரு புள்ளியையும் கோட்டையும் தனித்தனியே கேட்கிறார். சில வாரம் போனால் எழுத்து கேட்கிறது. பிறகு சொல் கேட்கிறது. கைதேர்ந்தவருக்கு வாக்கியத் துண்டே ஒரே ஓசையாகக் காதில் விழும். பிரையன், ஹார்ட்டர் என்ற இருவர் 1890களிலேயே அமெரிக்கத் தந்தி ஊழியர்களிடம் இதைப் பதிவு செய்துவிட்டார்கள். இடையில் பல வாரம் ஒரு முன்னேற்றமும் தெரியாமல் நிற்கும் காலம் வருவதையும் கண்டார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் அதே காலம் வருகிறது. ‘வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்ற சொல்லை அந்தப் பிள்ளை கடைசி எழுத்துவரை கூட்டி முடிப்பதற்குள் முதல் எழுத்து போய்விடுகிறது. படித்த சொல் எது என்று கேட்டால் விழிக்கிறது. அது மக்குத்தனம் இல்லை. நான்கு உருப்படிக்கு மட்டுமே இடமுள்ள ஓரிடத்தில் பதினெட்டு எழுத்தைத் திணிக்கச் சொல்லியிருக்கிறோம், அவ்வளவுதான். ‘வந்து’, ‘கொண்டிருந்த’, ‘அவர்களுக்கு’, ‘எல்லாம்’ என்று ஆசிரியர் விரலால் மறைத்து மறைத்துக் காட்டினால் அதே பிள்ளை படித்துவிடும்.

சதுரங்கத்தில் இந்த விஷயம் இன்னும் துலக்கமாகத் தெரியும். 1988இல் விசுவநாதன் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனதிலிருந்து, 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் 18 வயது குகேஷ் உலகப் பட்டம் வென்றதுவரை, தமிழ்நாட்டுக்கு அந்த ஆட்டம் வீட்டு விஷயம். அபார ஞாபகசக்தி என்று இவர்களைப் பற்றிப் பேசுவது வழக்கம். வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் இருவரும் 1973இல் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆட்டத்தின் நடுவிலுள்ள ஒரு பலகையை ஐந்து விநாடி காட்டி மறைத்து, காய்களைத் திருப்பி அடுக்கச் சொன்னார்கள். இருபத்துச் சொச்சம் காய்களில் தேர்ந்த ஆட்டக்காரர் பதினாறு காயைச் சரியான இடத்தில் வைத்தார். புதியவர் வைத்தது நான்கு. அடுத்து அதே காய்களை எந்த ஒழுங்கும் இல்லாமல் பலகையில் இறைத்துக் காட்டினார்கள். தேர்ந்தவரின் மேன்மை ஏறக்குறைய மறைந்துவிட்டது. கோட்டை கட்டிய ராஜா, ஒன்றையொன்று காக்கும் சிப்பாய்கள் என்று கொத்தாகப் பார்க்கப் பழகிய கண்ணுக்கு, கொத்தே இல்லாத பலகையில் பிடிமானம் இல்லை. பல ஆண்டு ஆடி ஆடிச் சேர்த்த சரக்குத்தான் ஞாபகசக்தி என்ற பெயரில் வெளியே தெரிகிறது.

இந்தத் துறையில் நடந்த சோதனைகளில் எல்லாரும் அறிந்திருக்கவேண்டியது பிட்ஸ்பர்க் நகரத்துக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் நடந்தது. ஆண்டர்ஸ் எரிக்ஸன், சேஸ், ஸ்டீவ் ஃபாலூன் மூவரும் 1980இல் ‘சயின்ஸ்’ இதழில் அதை வெளியிட்டார்கள். எஸ்.எஃப். என்று மட்டும் குறிக்கப்படும் ஒரு கல்லூரி மாணவர். சராசரி அறிவு, சராசரி நினைவு. விநாடிக்கு ஓர் இலக்கம் வீதம் படிப்பார்கள், அவர் வரிசை மாறாமல் திருப்பிச் சொல்லவேண்டும். தொடக்கத்தில் எல்லாரையும் போல ஏழு இலக்கம்தான் சொன்னார். சுமார் ஒன்றரை ஆண்டில், 230 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி எடுத்தபின், 79 இலக்கம் சொன்னார்.

எப்படி? அவர் நெடுந்தூர ஓட்டக்காரர். ஓட்டப்பந்தய நேரங்கள் அவருக்கு அத்துபடி. 3, 4, 9, 2 என்று காதில் விழுந்ததும் அவர் மனத்தில் எழுவது ஒரு மைல் ஓட்டம்: மூன்று நிமிடம் நாற்பத்தொன்பது புள்ளி இரண்டு விநாடி, உலகச் சாதனைக்கு அருகில். ஓட்ட நேரமாக மாற்றமுடியாத இலக்கங்களை வயதாக்கினார். 893 என்றால் எண்பத்தொன்பது தாண்டிய கிழவர். 1944 என்றால் உலகப்போர் முடியும் காலம். இலக்கங்கள் இப்படி மூன்று நான்காகக் கொத்தாயின. கொத்துகள் பெருகிச் சிக்கலானபோது மூன்று நான்கு கொத்துகளைச் சேர்த்து ஒரு பெருங்கொத்து ஆக்கினார். எவ்வளவு முன்னேறியும் ஒரு கொத்துக்குள் ஐந்து இலக்கத்துக்கு மேல் அவர் வைக்கவில்லை. இலக்கத்துக்குப் பதிலாக எழுத்துகளைப் படித்துக் காட்டியபோது அவர் நினைவு சட்டென்று ஆறுக்கு இறங்கிவிட்டது. 230 மணி நேர உழைப்பு அவருடைய நினைவின் கொள்ளளவைப் பெருக்கவே இல்லை. எண்களைத் தமக்குத் தெரிந்த பொருளாக மாற்றும் வழியை மட்டுமே கற்றுக்கொடுத்தது. நினைவாற்றல் பெருக மாத்திரை, பயிற்சி வகுப்பு என்று பணம் கட்டும் பெற்றோர் இந்த ஒரு சோதனையை அறிந்தால் நல்லது.

தென்தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு தனி வரலாறு உண்டு. நாகர்கோவில் கோட்டாறை அடுத்த இடலாக்குடியில் 1874இல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907 மார்ச் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா அரங்கத்தில் அறிஞர்கள் முன்னிலையில் நூறு காரியங்களை ஒருசேரக் கவனித்துச் சொல்லிச் சதாவதானி என்ற பட்டம் பெற்றார். சீறாப்புராணத்துக்கு உரை எழுதிய அதே பாவலர் கம்பனிலும் தோய்ந்தவர். அவதானக் கலையில் ஒருவர் முதுகில் பூ எறிவார், ஒருவர் மணி அடிப்பார், ஒருவர் ஒரு தேதியைச் சொல்லிக் கிழமை கேட்பார், ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார். எல்லாம் கலந்து கலந்து வரும். கடைசியில் எறிந்த பூ எத்தனை, அடித்த மணி எத்தனை என்பதோடு வெண்பாவையும் பிசகாமல் சொல்லவேண்டும். வெண்பாவின் தளையும் தொடையும் புலவரின் எலும்பில் ஊறியவை. அதனால் முழு வெண்பாவும் அவருக்கு ஒன்றிரண்டு உருப்படிதான். பூவுக்கும் மணிக்கும் இடம் மிச்சமாகிவிடுகிறது.

பாவலரைப் பற்றி வழங்கும் கதை ஒன்று. துருக்கனுக்கு ராமன் துணை என்ற பொருளில் முடியும் ஈற்றடியைக் கொடுத்து, இஸ்லாமியரான அவரை மடக்கப் பார்த்தாராம் ஒருவர். பாவலர் முந்தைய அடியில் பரதனையும் இலக்குவனையும் நிறுத்தி, அடுத்த பெயரின் முதல் எழுத்துகளை அந்த அடியிலேயே வைத்து முடித்தார். கொடுத்த ஈற்றடி சத்துருக்கனுக்கு ராமன் துணை என்றாகிவிட்டது. அடியில் ஓர் எழுத்தும் மாறவில்லை. பிரிக்கும் இடம் மாறியது, பொருளே மாறிவிட்டது. கொத்தின் எல்லைகளில் அவ்வளவு சுதந்திரமாக நடமாடியவர் அவர்.

வித்தகர்களை விட்டுவிட்டு அன்றாடத்துக்கு வந்தாலும் இதே கதைதான். தமிழ் எழுத்து 247 என்று கேட்டதும் வெளியூர்க்காரர் மலைத்துப்போவார். பிள்ளைகள் படிப்பது உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று. மிச்சம் 216உம் முன்னவற்றின் சேர்க்கை. அந்தப் பதினெட்டும் வல்லினம், மெல்லினம், இடையினம் என்று ஆறாறாகப் பிரிகிறது. கங, சஞ, டண, தந, பம என்று வல்லினமும் அதன் இனமான மெல்லினமும் இரண்டிரண்டாக நிற்பதால் வரிசையையும் நாக்கே பார்த்துக்கொள்கிறது. திருக்குறள் 1330 என்றால் பெரிய எண். 38, 70, 25 என்று மூன்று பால், 133 அதிகாரம், அதிகாரத்துக்குப் பத்து, குறளுக்கு நான்கும் மூன்றுமாக ஏழு சீர் என்று இறங்கிவந்தால், ஒருபோதும் பத்துக்கு மேல் ஒரே இடத்தில் கையில் பிடிக்கவேண்டியதில்லை. முற்றோதல் செய்யும் மாணவர்கள் அதிகாரத் தலைப்பைச் சொன்னதும் பத்துக் குறளையும் கடகடவென்று சொல்வது இதனால்தான்.

தவில், மிருதங்கம் கற்பவர்களின் வீட்டுத் திண்ணையில் சற்று நின்று கேட்டால் இன்னும் நன்றாகப் புரியும். ஏழு அட்சரம் கொண்ட மிச்ர நடையை எந்த ஆசானும் ஒன்று முதல் ஏழுவரை எண்ணச் சொல்வதில்லை. ‘தகிட தகதிமி’ என்கிறார், மூன்றும் நான்கும். ஐந்து வேண்டுமானால் ‘தக தகிட’. ஒன்பதுக்கு ‘தகதிமி தகதகிட’. ஆதி தாளத்தின் எட்டும் கையில் நான்கு, இரண்டு, இரண்டு என்றுதான் விழுகிறது. சிஷ்யன் முதலில் வாயால் சொல்லி, தொடையில் தட்டி, பிறகுதான் தோலில் வாசிக்கிறான். சொற்கட்டு வாயில் உறுதியான பிறகு கை அதை ஒரே அசைவாக எடுத்துக்கொள்ளும். தாளக் கணக்கு எவ்வளவு நீண்டாலும் இரண்டு, மூன்று, நான்கு என்ற துண்டுகளுக்குக் கீழே இறங்க வேண்டியதும் இல்லை, மேலே ஏற வேண்டியதும் இல்லை.

அரசாங்கம்கூட இதை அறிந்தே வைத்திருக்கிறது. ஆதார் எண்ணின் 12 இலக்கமும் நான்கு நான்காக அச்சாகிறது. 1972 ஆகஸ்ட் 15இல் நடைமுறைக்கு வந்த அஞ்சல் குறியீட்டெண்ணை ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் வகுத்தபோது ஒவ்வோர் இலக்கத்துக்கும் பொருள் வைத்தார்: முதல் இலக்கம் மண்டலம், மூன்றாவது இலக்கம் வரை வந்தால் தபால் பிரிக்கும் மாவட்டம், கடைசி மூன்று விநியோக அலுவலகம். தென்காசி 627 811, குற்றாலம் 627 802. இந்த வட்டாரத்து அஞ்சல்காரர் மனத்தில் வைக்கவேண்டியது கடைசி மூன்றை மட்டும்.

வெறுமனே துண்டு போடுவதற்கும் பொருளோடு கொத்துக் கட்டுவதற்கும் உள்ள தூரத்தை 1969இல் கார்டன் பவரும் அவர் சகாக்களும் அளந்தார்கள். 112 சொற்களை ஒரு கூட்டத்தாருக்கு வகை, உள்வகை என்று கிளை பிரித்துக் காட்டினார்கள். கனிமம், அதில் உலோகம், அதில் அரியவை, சாதாரணமானவை என்ற விதமாக. இன்னொரு கூட்டத்தாருக்கு அதே சொற்களை அதே கிளைப்படத்தில் தாறுமாறாக நிரப்பிக் காட்டினார்கள். முதல் முயற்சியிலேயே முன்னவர்கள் சராசரியாக 73 சொல் சொன்னார்கள். பின்னவர்கள் 21ஐத்தான் எட்டினார்கள்.

குற்றாலத்துக்குச் சீசனில் வருகிறவர்களிடம் அருவிகளின் பெயரைக் கேட்டால் பேரருவி, ஐந்தருவி என்று இரண்டு மூன்றோடு நிறுத்திவிடுவார்கள். உள்ளூர்ப் பிள்ளை வேறு மாதிரி சொல்லும். மலையேறி மேலே தொடங்கினால் தேனருவி. தண்ணீரோடு இறங்கினால் செண்பகாதேவி. அடிவாரத்தை நெருங்கச் சிற்றருவி, பேரருவி. நான்கும் ஒரு கொத்து. ஐந்தருவியும் அதற்கு மேலேயுள்ள பழத்தோட்ட அருவியும் ஒன்று. தனியே நிற்பவை புலியருவி, பழைய குற்றாலம். கேரள எல்லைக்குள் பாலருவி. அந்தப் பிள்ளை ஒன்பது பெயரை மனப்பாடம் செய்யவில்லை. மலையும் தண்ணீர் போகும் வழியும் அதற்குத் தெரியும், பெயர்கள் அதில் தாமாக ஒட்டிக்கொண்டன.

இந்த இடத்தில் மனப்பாடத்தைப் பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும். மனப்பாடம் கூடாது, புரிந்துதான் படிக்கவேண்டும் என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். வாய்ப்பாடு தெரியாத பிள்ளைக்குப் பின்னம் புரியாது. 7 × 8 என்பதை விரல்விட்டு எண்ணுகிற மனத்தில், கணக்கின் அடுத்த படியை வைக்க இடம் மிச்சம் இருக்காது. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை முறை வைத்துச் சொல்லச் செய்தவர்கள், முந்திரி முதல் முக்கால்வரை நாவில் ஏற்றியவர்கள், இதை அறிந்தே செய்தார்கள். கண்டிக்கவேண்டியது கட்டாத மனப்பாடத்தை: கைடில் எட்டுப் பாயிண்டாக அச்சிட்டதை எட்டாகவே விழுங்குவதை. எட்டும் எதற்கு எட்டு, எவை ஒன்றோடொன்று சேரும், எது காரணம், எது விளைவு என்று கேட்காமல் படித்த பிள்ளை, தேர்வில் மூன்றாவது பாயிண்ட் மறந்தால் மிச்சம் ஐந்தையும் மறந்து உட்கார்ந்துவிடுகிறது. முதலெழுத்துகளைக் கூட்டி ஒரு பொய்ச்சொல் செய்து தரும் குறுக்குவழியும் ஓரளவுக்குத்தான் உதவும். பொய்ச்சொல் வரிசையைக் காப்பாற்றும், பொருளைக் காப்பாற்றாது.

ஆசிரியர்களுக்கு இதில் ஓர் இடர்ப்பாடு இருக்கிறது. இருபது ஆண்டு கணிதம் நடத்தியவருக்கு இருபடிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்துவது ஒரே அசைவு. பெருக்கினால் 12, கூட்டினால் 7 என்றதும் மூன்றும் நான்கும் அவர் கண்முன் வந்து நிற்கும். கரும்பலகையில் ஒரு வரியைத் தாண்டி அடுத்த வரியை எழுதுவார். பின்பெஞ்சுப் பிள்ளைக்கு அந்த ஒரு வரிக்குள் ஐந்து படி இருக்கிறது: பன்னிரண்டின் காரணிகள், அவற்றின் சோடிகள், ஒவ்வொரு சோடியின் கூட்டல், அடையாளம், பிரித்து எழுதல். ஆசிரியரின் கொத்து இறுகிப் போனதால் அதற்குள் இருக்கும் படிகள் அவருக்கே தெரிவதில்லை. ‘இதுகூடவா தெரியவில்லை’ என்ற கேள்வி பெரும்பாலும் அங்கிருந்துதான் பிறக்கிறது. கேட்பவர் கொடியவர் என்று பொருள் இல்லை. தமக்கு ஒன்றாகிவிட்டதை ஐந்தாக மறுபடியும் அவிழ்க்கவேண்டும், அது கடினமான வேலை.

அவிழ்த்துக் கொடுத்தாலும் கட்டவேண்டியது மாணவரே. எஸ்.எஃப்.இன் ஓட்ட நேரங்கள் ஓடாத ஒருவருக்கு எந்தப் பயனும் தராது. குறவஞ்சியின் தலைவி வசந்தவல்லியின் பந்தாட்டத்தையும் சிங்கியின் நகைகளையும் நடத்தும் ஆசிரியர் விடைப்பட்டியலைக் கொடுக்குமுன், புத்தகத்தை மூடச் சொல்லி, ஒரு தாளில் ஓர் உருவம் வரையச் சொல்லலாம். நினைவுக்கு வரும் நகைகளை அதனதன் இடத்தில் மாணவர்களே எழுதட்டும். விட்டுப்போன இடம் படத்தில் வெறுமையாகத் தெரியும். எதைத் திரும்பப் படிக்கவேண்டும் என்பதை அந்த வெறுமையே காட்டும். மறுநாள் ஒரு தடவை, வாரம் கழித்து ஒரு தடவை அதே தாளை நிரப்பச் சொன்னால் போதும். சிலர் உடம்பின் வழியே அடுக்குவார்கள், சிலர் நகையைக் கொடுத்த ஊர்களின் வழியே அடுக்குவார்கள். இரண்டாவது வகைப் பிள்ளையிடம் சேலம் எங்கே, கோலத்து நாடு எங்கே, பாண்டிய நாடு எங்கே என்று ஒரு வரைபடத்தையும் நீட்டலாம். தமிழ் வகுப்பு அன்று சற்றுநேரம் புவியியல் வகுப்பாக நடக்கும்.

பழைய நூல்களைப் படிப்பதிலும் முதல் வேலை கொத்துப் பிரிப்பதுதான். ஓலைச்சுவடியில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது, பல ஏட்டில் புள்ளியும் கிடையாது. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோதும் எங்கே வெட்டுவது, எங்கே ஒட்டுவது என்பதே பெரிய உழைப்பாக இருந்தது. 1950களில் மர்ரே எஸ். ராஜம் சந்தி பிரித்து மலிவு விலையில் பழைய நூல்களை வெளியிட்டபோது, புலவர் அல்லாதவர்களும் அவற்றைக் கையில் எடுத்தார்கள். திருநெல்வேலியில் வட்டத்தொட்டி என்ற இலக்கிய அவையைக் கூட்டி, பின்னாளில் குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி.யைத் தேடி ராஜாஜியும் கல்கியும் வந்ததற்குக் காரணம், கம்பனை அவர் சொல்லிக்காட்டும் விதம். ஓசையும் உணர்ச்சியும் நிற்கும் இடத்தில் நிறுத்தி, மறுபடி எடுத்து, மறுபடி நிறுத்துவார். செருகல் என்று தமக்குப் பட்ட பாடல்களை ஒதுக்கியதையும், சொற்களைத் திருத்தியதையும் அறிஞர்கள் கடுமையாக மறுத்திருக்கிறார்கள். அந்த மறுப்பு நியாயமானது. அவர் நிறுத்திய இடங்களைப் பற்றி அப்படிச் சண்டை போட முடியாது. இலக்கணம் படிக்காத வியாபாரியும் வக்கீல் குமாஸ்தாவும் அவர் வாயிலிருந்து கேட்ட பாட்டை வீடு போய்ச் சேரும்போது தாங்களே சொல்லிப் பார்க்க முடிந்தது.